தரையும் செயற்கைக்கோளும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வயலில் நின்று கருவியால் அளந்த எண் ஒன்று. அதே நாளில் அதே இடத்துக்குச் செயற்கைக்கோள் தந்த எண் இன்னொன்று. இரண்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால் கோட்டில் உட்கார மறுக்கின்றன. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அக்கா, சேட்டிலைட் தப்பா காட்டுதா?"

பெரும்பாலும் இல்லை. அதற்காகத் தரை அளவுதான் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பல நேரம் இரண்டுமே சரி. இரண்டும் அளந்த பொருள்தான் வேறு. இந்த மூன்றில் எது என்பதை வேறுபாட்டின் அளவு சொல்லாது, அதன் வடிவம் சொல்லும். மருத்துவர் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு நிறுத்தாமல், எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கேட்பது போல.

ஆகவே முதலில் இரண்டு படம் போடுங்கள். ஒன்று, தரை ஒரு அச்சிலும் செயற்கைக்கோள் மறு அச்சிலும், நடுவே 45 டிகிரிக் கோடு. இரண்டாவது, செயற்கைக்கோள் அளவிலிருந்து தரை அளவைக் கழித்து வரும் மிச்சம், தேதி வாரியாக. இந்த இரண்டாவது படத்தைப் போடாமலே ஆர்-ஸ்கொயர் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) கணக்கில் இறங்கிவிடுகிறோம். ஆர்-ஸ்கொயருக்கு நிரந்தரச் சாய்வு, அதாவது எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகுவது, கண்ணுக்கே தெரியாது. எல்லா நாளும் சரியாக 10 டிகிரி கூடக் காட்டினாலும் அது 1 என்று சொல்லிச் சிரிக்கும்.

அறிகுறி: ஒரு தேதிக்கு முன் எல்லாம் சரி, அதற்குப் பின் எல்லாமே தப்பு

மிச்சப் படத்தில் படிக்கட்டு போல ஒரே ஒரு குதிப்பு. இயற்கை இப்படி நடந்துகொள்ளாது. கோப்பின் கணக்கு மாறியிருக்கிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்தினால் குதிப்பு 2022 ஜனவரி 25-ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள். அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 04.00 என்ற புதிய செயலாக்கப் பதிப்புக்கு மாறியது. அதுவரை கோப்பில் உள்ள எண்ணை 10,000-ஆல் வகுத்தால் எதிரொளிப்பு, அதாவது விழுந்த வெளிச்சத்தில் திரும்பி வரும் பங்கு, கிடைத்தது. புதிய பதிப்பில் ஒவ்வொரு எண்ணோடும் 1,000 கூட்டி வைத்திருக்கிறார்கள். இருண்ட பரப்புகளில் திருத்தத்துக்குப் பின் எதிரொளிப்பு சுழியத்துக்குக் கீழே போகலாம். அந்த மதிப்புகளையும் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆக, 1,000-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும்? நன்றாகத் தழைத்த நெல் வயலுக்குச் சிவப்பில் 0.04, அகச்சிவப்பில் 0.40 என்று வையுங்கள். பயிரின் பசுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. (இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.82. இரண்டிலும் 0.10 கூடினால் 0.14, 0.50, என்.டி.வி.ஐ. 0.56. பயிர் வாடிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள். வயலில் அது பச்சைப் பசேலென்று நிற்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. "தேதி 2022 ஜனவரி 25-க்குப் பின் என்றால் கழி" என்று நிரலில் எழுதாதீர்கள். பழைய ஆண்டுப் படங்களையும் புதிய பதிப்பில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்பின் பெயரில் 'என்' எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரும். அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் அவர்களே கழித்துத் தருகிறார்கள். அங்கேயும் நீங்கள் ஒருமுறை கழித்தால் நீர்நிலைகளின் எதிரொளிப்பு எல்லாம் மைனஸில் விழும். ஏரி மைனஸ் காட்டினால் இருமுறை கழித்ததா என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களுக்கும் இதே கதை. அங்கே பதிப்புக்குக் கலெக்‌ஷன் என்று பெயர். கலெக்‌ஷன் 1 காலத்தில் 0.0001-ஆல் பெருக்கினால் போதும். கலெக்‌ஷன் 2-இல் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். மேலே சொன்ன அதே வயலில் இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் என்.டி.வி.ஐ. 0.43-க்கு இறங்கும். தரை வெப்பநிலைக்கு வேறு எண்கள்: 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வினில் கிடைக்கும். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: எல்லா பேண்டிலும் (அலைநீளப் பட்டையிலும்) ஒரே விகிதத்தில் வேறுபாடு, என்.டி.வி.ஐ. மட்டும் சரி

இங்கே குற்றவாளி அநேகமாக வெள்ளைப் பலகை. வெளிச்சத்தை அலைநீளம் வாரியாக அளக்கும் நிறமாலைமானி வயலில் நேரடியாக எதிரொளிப்பை அளப்பதில்லை. முதலில், விழும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுதாகத் திருப்பும் ஸ்பெக்ட்ரலான் என்ற வெள்ளைப் பலகையைப் பார்க்கிறது, பிறகு பயிரைப் பார்க்கிறது, இரண்டையும் வகுக்கிறது. பலகை அழுக்கானால் வகுக்கும் எண் சிறிதாகும். பயிரின் எதிரொளிப்பு எல்லா அலைநீளத்திலும் உயரும். என்.டி.வி.ஐ. விகிதம் என்பதால் மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போய்விடும். அதனால்தான் அது மட்டும் தப்பிக்கிறது. புழுதி, கைரேகை, மஞ்சளித்த கறை என்றால் நீலப் பக்கம் பலகை அதிகம் இருளும். நீலத்தில் வேறுபாடு கூடுதலாகத் தெரியும்.

பலகையைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். தயாரிப்பாளர் கையேட்டின்படி, ஓடும் நீரில் நைசான நீர் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். பிறகு, வெளியே எடுக்காமல் பெட்டியிலேயே வைத்திருக்கும் இன்னொரு பலகையோடு ஒப்பிட வேண்டும்.

வேறுபாடு எதிர்ப்பக்கம் போனால், அதாவது தரை அளவு குறைந்து காட்டினால், பலகை சூரியன் பக்கம் சாய்ந்திருந்ததா என்று யோசியுங்கள். சூரியன் உச்சியிலிருந்து 30 டிகிரி சரிந்திருக்கும்போது பலகை 5 டிகிரி அந்தப் பக்கம் சாய்ந்தால் அதன் மேல் விழும் நேரடி வெயில் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடிவிடும். சேற்று வயலில் முக்காலியின் ஒரு கால் அமிழ ஐந்து நிமிடம் போதும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கிப் பலகையோடு கட்டிவிடுங்கள்.

நிறமாலையில் சரியாக 1,000 நானோமீட்டரில் ஒரு படி தெரிகிறதா? அது பயிரின் குணமல்ல. 350 முதல் 2,500 நானோமீட்டர் வரை அளக்கும் கருவிக்குள் மூன்று உணரிகள் இருக்கின்றன. முதலும் இரண்டாவதும் சேரும் இடம் 1,000. கருவி சூடாகும் முன் அளக்கத் தொடங்கினால் இந்தப் படி விழும். வண்டியிலேயே கருவியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வயலுக்குப் போய்ச் சேரும்போது தயாராக இருக்கும். 1,400, 1,900 நானோமீட்டர் பக்கம் கோடு பைத்தியம் பிடித்தாற்போல் ஆடினால் கவலை வேண்டாம். அங்கே காற்றிலுள்ள நீராவி வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. வெயிலில் நின்று அளக்கும் யாருக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. சென்டினல்-2-இல் அகச்சிவப்புக்கு 8 என்றும் 8ஏ என்றும் இரண்டு பேண்ட் உண்டு. 8 அகலமானது, 842-ஐ மையமாகக் கொண்டது. 8ஏ குறுகியது, 865-இல் இருக்கிறது. உங்கள் நிறமாலையிலிருந்து ஒற்றை அலைநீளத்தைப் பிடுங்கி ஒப்பிடாமல், அந்தந்த பேண்டின் உணர்திறன் வளைவால் எடைபோட்டுச் சராசரி எடுங்கள்.

அறிகுறி: சில வயல்கள் கச்சிதம், சில வயல்கள் எங்கோ

மிச்சப் படம் தேதியோடு சேர்ந்து நகராமல் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரச்சினை முகவரியில்தான்.

முதல் சந்தேகம் யு.டி.எம். மண்டலம். உலகை 6 டிகிரிக்கு ஒரு பட்டையாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை இது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிளக்கிறது. கோயம்புத்தூரும் திண்டுக்கல்லும் 43-ஆம் மண்டலம். மதுரையும் தஞ்சாவூரும் 44. திண்டுக்கல்லில் ஒரு தோட்டம், மதுரைப் பக்கம் ஒரு வயல் என்று ஒரே திட்டத்தில் இருந்தால் ஒரே மண்டலத்தில் எல்லாவற்றையும் திணித்துவிடுவது சுலபம். பிழை பெரிதாக இருக்கும், புள்ளி கடலில் போய் விழும். அதனால் உடனே பிடிபட்டுவிடும். ஆபத்து சின்னப் பிழையில்தான். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நில வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு பழைய மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை. அதிலிருந்து எடுத்த ஆயத்தை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அப்படியே ஜி.பி.எஸ். ஆயம் போலப் பயன்படுத்தினால் சில நூறு மீட்டர் தள்ளிப் போகும். படத்தில் அங்கேயும் ஒரு வயல் இருக்கும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அதைவிடச் சின்னது, கைபேசி ஜி.பி.எஸ். பிழை. திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதோடு செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். 2021-க்கு முந்தைய சென்டினல்-2 படங்களில் ஒரு தேதிக்கும் மறு தேதிக்கும் இடையே ஒரு பிக்சல் அளவுக்கு நகர்வு சாதாரணம். இரண்டும் சேர்ந்தால் 10 மீட்டர் பிக்சல் பக்கத்து வயலுக்குத் தாவிவிடும். டெல்டாவில் வயல் என்பது பெரிய சதுரமல்ல. வரப்பு, வாய்க்கால், வரப்போரம் ஒரு தென்னை வரிசை என்று எல்லாம் அந்தப் பத்து மீட்டருக்குள் வரும்.

சோதனை எளிது. உங்கள் புள்ளியைச் சுற்றி 3-க்கு 3 பிக்சல் எடுங்கள். ஒன்பதும் ஏறக்குறைய ஒரே மதிப்பா? இடம் நல்ல இடம், நகர்வு பெரிதாகக் கெடுக்காது. மதிப்புகள் சிதறிக் கிடக்கின்றனவா? அந்த இடத்தை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு கவனமாக அளந்திருந்தாலும் சரி. என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையை வயலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தே செய்துவிட வேண்டும். ஒரு சம்பாப் பருவம் முழுக்க, சாலைக்கு அருகே நடந்துபோக வசதியாக இருக்கிறது என்று ஒரு வயலை அளந்தேன். பருவம் முடிந்துதான் சோதனை போட்டேன். ஒன்பதில் மூன்று பிக்சல் தார்ச்சாலை.

கருவி பார்க்கும் பரப்பையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 25 டிகிரிப் பார்வைக் கோணமுள்ள நிறமாலைமானி இழையை 1 மீட்டர் உயரத்தில் பிடித்தால் அது பார்க்கும் வட்டத்தின் குறுக்களவு 44 சென்டிமீட்டர். 10 மீட்டர் பிக்சல் ஒன்றை நிரப்ப அப்படி 650 வட்டம் வேண்டும். 30 மீட்டர் பிக்சலுக்கு 5,800-க்கு மேல். நாம் எடுப்பது இருபதோ முப்பதோ. அந்த இருபதும் எங்கே விழுகின்றன? நடவு முடிந்த புதிதில் பாதி வயல் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் கருவி பிடித்த கை தானாகப் பயிரின் பக்கம் போகும். கண் பச்சையைத் தேடும், கை பின்தொடரும். செயற்கைக்கோளுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. நடவுக்குப் பிந்தைய முதல் வாரங்களில் தரை என்.டி.வி.ஐ. மட்டும் உயர்ந்து, பயிர் மூடிய பின் சரியாகிவிட்டால் காரணம் இதுதான். மருந்து: வயலின் குறுக்கே கயிறு கட்டி, இரண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சு எங்கே விழுகிறதோ அங்கே அளப்பது. நாங்கள் இதைச் செய்தபோது வரப்பில் நின்ற ஒரு பெரியவர், "என்ன தம்பி, தண்ணியப் போயி படம் புடிக்கிறீங்க, பயிரு இந்தா இருக்கு" என்று என் கூட்டாளியிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அறிகுறி: மிச்சம் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது

ஒரு படம் கூட, அடுத்த படம் குறைவு, மறுபடி கூட. தரை அளவில் அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் வயல் இரண்டு பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில் இருக்கிறது. சென்டினல்-2 ஒரு பாதையில் 290 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. பக்கத்துப் பாதையின் விளிம்பும் அதே வயலைத் தொடும். ஒரு நாள் கிழக்கிலிருந்து, சில நாள் கழித்து மேற்கிலிருந்து, ஒவ்வொன்றும் 10 டிகிரி அளவுக்குச் சாய்ந்து பார்க்கின்றன. காலை பத்தரை மணிக்குச் சூரியன் கிழக்கே இருக்கும். சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்தே பார்க்கும் கண்ணுக்கு இலைகளின் நிழல் மறைந்துவிடும், வயல் வெளிச்சமாகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் நிழல் தெரியும், வயல் இருளும்.

நம் அட்சரேகையில் இது கூடுதலாகக் கடிக்கும். டெல்டாவில் ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் நான்காம் வாரமும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களை ஒட்டி, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் சூரியனின் கோணமும் செயற்கைக்கோளின் கோணமும் நெருங்கிவிடுகின்றன. மிச்சத்தைப் பாதை எண்படி இரண்டு நிறத்தில் போடுங்கள். பற்கள் இரண்டு தனித் தனி நேர்க்கோடாகப் பிரிந்தால் தீர்ந்தது. ஒரே பாதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கோணத் திருத்தம் செய்யுங்கள்.

அறிகுறி: தரை வெப்பநிலை பொருந்தவே இல்லை

இதற்குத்தான் அதிக நேரம் போகும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். முதலில் பகலையும் இரவையும் பிரியுங்கள். நாசாவின் மோடிஸ் போன்ற செயற்கைக்கோள் கருவி இரவிலும் அளக்கிறது. அது பெரிய வசதி. இரவில் வயலும் சாலையும் தோப்பும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். பகலில்தான் பிரிந்து நிற்கும்.

இரவில் பொருந்தி, பகலில் மட்டும் விலகினால் கருவி நலம். பார்க்கும் பரப்புதான் வேறு. மோடிஸ் பிக்சல் 1 கிலோமீட்டர். டெல்டாவில் அதற்குள் வயல், தென்னந்தோப்பு, தெரு, கோயில் குளம் எல்லாம் அடங்கும். லேண்ட்சாட் வெப்பப் படம் 30 மீட்டர் பிக்சலாகத் தரப்பட்டாலும் கருவி உண்மையில் பார்த்தது 100 மீட்டர். நுணுக்கமாக அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றரை ஏக்கர் வயலுக்கு அது போதாது. நமீபியாவில் கோபபெப் சரளைச் சமவெளியில் நிலையம் வைத்தது எதற்காக? கிலோமீட்டர் கணக்கில் ஒரே மாதிரியான தரை என்பதால்தான். நமக்கு அந்த வாய்ப்பு இல்லையென்றால் நடுவில் ஒரு படி வேண்டும்: புள்ளி அளவை ட்ரோன் வெப்பப் படத்தோடு பொருத்தி, ட்ரோன் படத்தைப் பிக்சல் அளவுக்குச் சராசரியாக்கி, அதை ஒப்பிடுவது.

தரைக் கருவியை மாட்டிய கம்பத்தின் அடியையும் பாருங்கள். கீழ்நோக்கிய வெப்பக்கதிர்மானி அரைக்கோளம் முழுவதையும் பார்க்கிறது. ஆனாலும் சமிக்ஞையில் பாதி, கம்பத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆரத்துக்குள் இருந்து வருகிறது. மூன்று மடங்கு ஆரத்துக்குள் 90 சதவீதம். 2 மீட்டர் கம்பம் என்றால் 6 மீட்டருக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. கம்பம் விழாமல் இருக்கப் போட்ட கான்கிரீட் மேடையும், ஆட்கள் மிதித்து மிதித்துப் பயிர் செத்த வட்டமும் சரியாக அந்தப் பாதிக்குள்தான் இருக்கின்றன.

பகல் இரவு இரண்டிலும் ஒரே பக்கம் விலகினால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வெப்பக்கதிரிலிருந்து வெப்பநிலைக்கு வருவதில் அதிகம் நடக்கும் தவறு, உமிழ்திறனால் (தரை வெப்பக்கதிரை எவ்வளவு முழுமையாக உமிழ்கிறது என்ற பின்னம்) வகுத்துவிட்டு, வானத்திலிருந்து விழுந்து திரும்பும் கதிரைக் கழிக்க மறப்பது. மேல்நோக்கிய கதிர் சதுர மீட்டருக்கு 480 வாட், வானத்திலிருந்து வருவது 420 வாட், உமிழ்திறன் 0.97 என்று எடுங்கள். சரியான வழி: 420-இல் 3 சதவீதமான 12.6-ஐ 480-லிருந்து கழித்து, மிச்சத்தை உமிழ்திறனாலும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலியாலும் வகுத்து, நான்காம் மூலம் எடுப்பது. வருவது 303.6 கெல்வின். கழிக்க மறந்தால் 305.6. இரண்டு டிகிரி சுளையாகப் போச்சு. உமிழ்திறனையே கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால்கூட 303.3 வந்திருக்கும், 0.3 டிகிரிதான் பிழை! பாதித் திருத்தம் திருத்தாமல் விடுவதைவிட மோசம். ஈரப்பதம் நிறைந்த கடலோர வானம் நிறையக் கதிர் அனுப்பும் என்பதால் நமக்கு இந்தப் பாதிப்பு அதிகம். வறண்ட பாலைவனத்தில் எழுதப்பட்ட கையேட்டை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

காலையில் மட்டும் விலகினால் கடிகாரம். செயற்கைக்கோள் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். முழு மணிகளை மட்டும் ஏற்கும் மென்பொருளில் யாரோ 5 அல்லது 6 என்று போட்டிருப்பார்கள். அரை மணிப் பிழை. பத்தரை மணிக்கு வெற்றுத் தரை வேகமாகச் சூடேறிக்கொண்டிருக்கும் நேரம் அது. அரை மணியில் வெப்பநிலை டிகிரிக் கணக்கில் மாறிவிடும். பதிவுக் கருவி 30 நிமிடச் சராசரி எழுதினால், அந்த நேரமுத்திரை இடைவெளியின் தொடக்கமா முடிவா என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். சோதிக்க ஒரு குறுக்குவழி: மேகமில்லாத நாளில் சூரியக் கதிர்மானியின் வளைவு எந்த நேரம் உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். தஞ்சாவூரில் அது மதியம் 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகலாம். 11:45 என்றோ 12:45 என்றோ வந்தால் சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலான புள்ளிகள் சரி, சில மட்டும் தொபுக்கென்று கீழே கிடந்தால் மேகம். மேகத்தின் உச்சி குளிர்ச்சியானது. அதனால் மேகப் பிழை எப்போதும் செயற்கைக்கோளைக் குளிர்ப் பக்கமே இழுக்கும். இருபக்கமும் சிதறினால் மேகத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சம்பா வயலுக்குத் தெளிவான படம் கிடைப்பதே அபூர்வம். அந்த ஆசையில் மெல்லிய மேகம் உள்ள படத்தையும் "பரவாயில்லை" என்று சேர்த்துக்கொள்வோம். நானும் சேர்த்திருக்கிறேன்.

அறிகுறி: மண் ஈரம் மழைக்குச் சேர்ந்தே ஏறுகிறது, ஆனால் மட்டம் வேறு

இரண்டு வளைவும் ஒன்றாக ஆடுகின்றன. ஒன்று மட்டும் மாடியில் நிற்கிறது. முதலில் அலகு. மண்ணை அடுப்பில் உலர்த்தி எடைபார்த்து வருவது எடைவீதம். செயற்கைக்கோள் தருவது கன அளவு வீதம். எடைவீதத்தை மண்ணின் பருமனடர்த்தியால் பெருக்க வேண்டும். 20 சதவீத எடை ஈரம், அடர்த்தி 1.4 என்றால் கன அளவில் 0.28. பெருக்காமல் விட்டால் 0.08 இடைவெளி இலவசமாக வந்து சேரும்.

பிறகு ஆழம். மண் ஈரம் அளக்கும் ஸ்மாப், ஸ்மோஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் எல்-பேண்ட் நுண்ணலையில் மேல் 5 சென்டிமீட்டரைத்தான் உணர்கின்றன. வேளாண் நிலையங்களில் 15 சென்டிமீட்டரில் புதைத்த உணரியோடு ஒப்பிட்டால் தரை மெதுவாகக் காயும், செயற்கைக்கோள் வேகமாகக் காயும். இரண்டும் உண்மைதான் சொல்கின்றன.

தரை வளைவு மட்டும் ஒரு நாள் திடீரென்று அதளபாதாளத்துக்கு விழுகிறதா? கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கரிசல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு உணரியின் முள் ஓரமாகப் போனால் முள் மண்ணைத் தொடாமல் காற்றைத் தொடும். அது அளப்பது காற்றின் ஈரமுமில்லை, மண்ணின் ஈரமுமில்லை. மழை பெய்து வெடிப்பு மூடினால் தானே சரியாகும் என்று விட்டுவிட முடியாது. இடைப்பட்ட பதிவை நீக்குங்கள். இதற்கு நேர்மாறு கடலோரம். வேதாரண்யம் போன்ற உவர் நிலத்தில் விலை குறைந்த மின்தேக்க வகை உணரிகள் உப்பை ஈரமாக எண்ணி உயர்த்திக் காட்டும். அந்தந்த மண்ணை எடுத்து ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்யாமல் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

மழையே இல்லாமல் தரை ஈரம் ஏறி, செயற்கைக்கோள் அசையாமல் இருந்தால் அது பாசனம். ஸ்மாப் கதிர்மானியின் அடிப்படைக் கட்டம் 36 கிலோமீட்டர்; உங்கள் வயலுக்கு மடை திறந்தது அதற்குத் தெரியாது. மறுபக்கம், மாவட்டமே நடவு நட்டுத் தண்ணீர் கட்டியிருக்கும் மாதத்தில் செயற்கைக்கோள் நம்ப முடியாத ஈரம் காட்டும். தேங்கிய நீர் நுண்ணலை உமிழ்வைக் குறைக்கிறது. கணக்கீடு அதை ஈர மண் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த மாதங்களை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

மட்ட வேறுபாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். ஒட்டுமொத்தப் பிழை 0.07, நிரந்தரச் சாய்வு 0.06 என்று வந்ததாக வையுங்கள். வர்க்கத்தில் கழித்து மூலம் எடுத்தால் சாய்வு நீக்கிய பிழை 0.036. ஸ்மாப் திட்டம் தனக்கு வைத்த இலக்கே 0.04-தான். தோற்றதாக நினைத்த ஒப்பீடு தேறிவிட்டது.

அறிகுறி: இலைப்பரப்புக் குறியீடு ஒரு கட்டத்துக்கு மேல் தட்டையாகிறது

ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்பதுதான் இந்தக் குறியீடு. தரையில் 3, 4, 5 என்று ஏறுகிறது. செயற்கைக்கோள் வளைவு 3-ஐ ஒட்டிப் படுத்துவிடுகிறது. என்.டி.வி.ஐ.-யிலிருந்து கணக்கிட்டிருந்தால் அது அப்படித்தான்; மூடிய பயிருக்கு மேல் எத்தனை அடுக்கு இலை என்பதை அதனால் எண்ண முடியாது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட 'சிவப்பு விளிம்பு' பேண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

தட்டையாகாமல் கோட்டின் சரிவே வேறாக இருந்தால் குத்துக் கணக்கைச் சரிபாருங்கள். இலையைப் பறித்து அளக்கும்போது ஒரு குத்தின் பரப்பைச் சதுர மீட்டருக்கு உள்ள குத்துகளால் பெருக்குகிறோம். 20-க்கு 10 சென்டிமீட்டர் நடவில் 50 குத்து. திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25, 16 குத்துதான். படிவத்தில் 50 என்று அச்சடித்திருந்தால் ஒற்றை நாற்று வயல்களுக்கு மூன்று மடங்கு இலை முளைத்துவிடும். பயிர் முற்றும் காலத்தில் தரை மட்டும் உயர்ந்து நின்றால், ஒளி மறைப்பை வைத்து அளக்கும் கருவி பழுத்த இலையையும் தாளையும் கதிரையும் சேர்த்து எண்ணுகிறது என்று பொருள்.

அறிகுறி: மேலே உள்ள எதுவும் இல்லை

இப்போது செயற்கைக்கோளைச் சந்தேகிக்கலாம். அவையும் தப்புச் செய்பவைதான். லேண்ட்சாட் 8-இன் வெப்பக் கருவியில், பார்வைப் புலத்துக்கு வெளியே இருந்து சிதறிய கதிர் உள்ளே நுழைந்து வெப்பநிலையைக் கெடுத்தது; 10-ஆம் பேண்டைவிட 11-ஆம் பேண்டில் கேடு அதிகம், பிறகு செயலாக்கத்தில் திருத்தினார்கள். 2015 ஜனவரி 31-இல் ஏவிய ஸ்மாப்பின் ரேடார் அதே ஆண்டு ஜூலையில் நின்றுபோனது. கதிர்மானி மட்டும் தொடர்கிறது. ஆகவே அந்தத் தயாரிப்பின் அறிவிப்புப் பக்கத்தில் உங்கள் தேதிகளுக்கு ஏதாவது குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது, உங்கள் வயலுக்கு வெளியே ஒரு சாட்சி. அமெரிக்காவின் ரெயில்ரோடு வேலி, பிரான்சின் லா க்ரா, நமீபியாவின் கோபபெப், சீனாவின் பாவ்டோ ஆகிய இடங்களில், செயற்கைக்கோள்களைச் சரிபார்க்கவென்றே அமைத்த ராட்கால்நெட் வலையமைப்பின் தானியங்கி நிலையங்கள் தொடர்ந்து அளக்கின்றன. அங்கே அந்தச் செயற்கைக்கோள் சரியாக இருந்து, உங்கள் வயலில் மட்டும் விலகினால் இன்னும் நீங்கள் பார்க்காத ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. மூன்றாவது தரவு ஒன்று, வேறொரு செயற்கைக்கோளோ மாதிரிக் கணக்கீடோ, கிடைத்தால் மூவழி ஒப்பீடு செய்யுங்கள். மூன்றின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், எதையும் உண்மை என்று முன்கூட்டி எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றின் பிழையையும் தனித்தனியாக மதிப்பிட முடியும். தரை அளவின் பிழையும் அதில் சுழியமாக வராது.

இவ்வளவுக்கும் தேவையானது வயலில் எடுத்த குறிப்பு. நேரம், மேகம், காற்று, தண்ணீர் எத்தனை விரல் நின்றது, கருவியை யார் பிடித்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்நோக்கி ஒரு கைபேசிப் படம், நான்கு திசைக்கும் ஒவ்வொன்று. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சேற்றுக் கையில் கரைந்துபோகும்.